எழுத்து கடைசியில் வரட்டும்

எங்கள் பாலிடெக்னிக் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் மாதத்துக்கு ஒரு முறை பாய்லரை இறக்கி வைத்து உள்ளே தட்டுவார்கள். முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக, அழுக்கு வெள்ளையில், சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும். ஊர்த் தண்ணீர் அப்படி. அன்று சாயங்காலமும் கடைக்காரர் அந்தச் சில்லுகளை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். என் எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்கள் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் விரிவுரையாளர். வேதியியலில் முதுகலை, நல்ல படிப்பாளி, இது முதல் வேலை. டீயைக் குடிக்காமல் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மேடம், முதல் டெஸ்ட் பேப்பரைத் திருத்திட்டேன். அறுபது பேர்ல நாற்பது பேர் மோல் கணக்கைத் தொடவே இல்லை. மூணு வாட்டி நடத்தியிருக்கேன். இதுக்கு மேல எப்படி நடத்துறதுன்னு தெரியலை."

தட்டிலிருந்து ஒரு சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது என்ன தம்பி?"

"கால்சியம் கார்பனேட்."

"உங்க பசங்ககிட்ட கொடுத்தா என்னன்னு சொல்வாங்க?"

கொஞ்சம் யோசித்தார். "உப்புன்னு சொல்வாங்க."

"கால்சியம் கார்பனேட்டோட வாய்பாடு கேட்டா?"

"அதை எல்லாரும் எழுதிடுவாங்க மேடம். பள்ளிக்கூடத்துலயே மனப்பாடம்."

வாய்பாடு தெரிகிறது. அந்த வாய்பாடு எந்தப் பொருளைச் சொல்கிறது என்பது தெரியவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். என் வேலையில் பாதி, இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தைத் தூர்ப்பதுதான். அன்று அந்தத் தம்பியிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல், ஆட்டோமொபைல் என்று பிரிவு எடுத்து வருகிறார்கள். வேதியியலை நாடி ஒருவரும் வருவதில்லை. முதல் ஆண்டில் அந்தப் பாடம் இருக்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடையது சும்மா இருந்த கை இல்லை. அப்பாவோடு சுண்ணாம்பு அடிக்கப் போனவன் இருப்பான். மாமாவின் பட்டறையில் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவன் இருப்பான். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வாயு பொங்கும், அதைக் கொளுத்தித்தான் வெல்டிங் வைக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தவன் இருப்பான். இப்படிப் பொருளைத் தொட்டுப் பழகியவர்கள் முன்னால் நாம் முதல் நாளே கரும்பலகையில் எழுத்தையும் அம்புக்குறியையும் போட்டு நிற்கிறோம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன், 1991-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலை அழகாகப் பிரித்துக் காட்டினார். வேதியியலுக்கு மூன்று முகம். கண்ணால் பார்த்து, முகர்ந்து, எடை போடக்கூடிய பொருள் ஒன்று. அதற்குள் ஓடித்திரியும் அணுவும் மூலக்கூறும் இரண்டாவது. அவற்றை நாம் குறித்துக்கொள்ளும் எழுத்தும் எண்ணும் சமன்பாடும் மூன்றாவது. படித்துத் தேறியவர் இந்த மூன்றுக்குள்ளும் மூச்சு விடுவதுபோலப் போய் வருகிறார். ஒரே வாக்கியத்தில் மூன்றையும் தொட்டுவிடுகிறார். கேட்கிற பிள்ளைக்கு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கடைசியில் எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறான். தேர்வில் கேட்பது அதைத்தானே. எனக்குப் பிடிபட்ட வழி இதுதான்: பொருள் முதலில், எடை அடுத்து, அணு அதற்கப்புறம். எழுத்து கடைசியில் வரட்டும்.

முதல் வகுப்பில் நான் சாக்பீஸ் எடுப்பதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் மஞ்சள் கரைத்த தண்ணீர் வைத்து, ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பு போடுவேன். ரத்தச் சிவப்பாகும். ஆரத்தி என்று வகுப்பு முழுக்கக் குரல் கொடுக்கும். அதில் அவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அப்புறம் எலுமிச்சை பிழிவேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பி வரும். ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் கொட்டிப் பார்த்திருக்கிறார்களே தவிர, அந்த நிறம் திரும்பி வரும் என்று ஒருவரும் பார்த்ததில்லை. மறுபடி சுண்ணாம்பு போட்டால் மறுபடி சிவப்பு. மாற்றிமாற்றி அவர்களையே செய்யச் சொல்வேன். குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது கறை ஏன் சிவக்கிறது என்று ஒருவன் தானாகவே கேட்பான். எல்லா ஆண்டும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். அமிலம், காரம், நிறங்காட்டி என்ற மூன்று சொல்லும் அதற்கு அடுத்த நாள்தான் பலகைக்கு வரும்.

சொல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காரம் என்று நான் சொன்னால் பிள்ளைகளுக்கு நாக்கில் மிளகாய்தான் நினைவுக்கு வருகிறது. மிளகாய்ப்பொடி காரமா மேடம் என்று கேட்ட பையனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்க விடவில்லை, ஏனென்றால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. துணி வெளுக்கிறவர்கள் பயன்படுத்திய சலவைக்காரம், பொற்கொல்லர் பட்டறையில் இருக்கும் வெங்காரம், இலங்கைத் தமிழர் இன்றும் சோப்பைச் சொல்லும் சவர்க்காரம் என்று இன்னொரு காரமும் நம் பேச்சில் உண்டு. பாடத்தில் வருவது அந்தக் காரம். தொட்டால் வழவழக்கும், அழுக்கைப் போக்கும், மஞ்சளைச் சிவப்பாக்கும். இப்படிச் சொன்ன பிறகு அந்தக் குழப்பம் திரும்ப வந்ததில்லை.

உப்பும் அப்படித்தான். வீட்டில் உப்பு என்றால் ஒன்றே ஒன்று. வேதியியலில் அமிலமும் காரமும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு பெரிய குடும்பம். ஈயம் இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு. இரண்டையும் ஈயம் என்றே அழைத்துப் பழகிவிட்டோம். ஆட்டோமொபைல் பிள்ளைகளுக்கு இதை நான் பாடத்துக்கு வெளியே போயாவது சொல்லிவிடுவேன்.

இந்தச் சொல் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன், வேதியியலுக்குத் தமிழில் ஒரு பாடநூல் வேண்டும் என்று 1875-இலேயே 'கெமிஸ்தம்' கொண்டுவந்தார். சேலத்தில் 1916-இல் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்கச் சங்கம் அமைத்தவர்களில் ராஜாஜியும் ஒருவர். பிற்பாடு அவர் 'திண்ணை ரசாயனம்' என்றே ஒரு நூல் எழுதினார். வக்கீலுக்குப் படித்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ரசாயனம் பேசலாம் என்று நினைத்தாரே, அந்தத் துணிவு எனக்கு எப்போதும் பிடிக்கும். பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளை இங்கே ஆங்கிலப் பாடநூலைப் பிரிக்கிறது. முதலில் பொருளைத் தமிழில் சொல்லுங்கள், அது புரிந்ததும் ஆங்கிலச் சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். இரண்டையும் ஒரே நேரத்தில் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

"அதெல்லாம் சரி மேடம், மோலுக்கு ஆரத்தி மாதிரி என்ன இருக்கு?" என்றார் அவர்.

"இரும்புக் கடை இருக்கு."

ஒரு தச்சருக்குக் கதவுக் கீல்கள் வேண்டும். ஒரு கீலுக்கு நான்கு திருகாணி. கீல் ஒன்று 60 கிராம், திருகாணி ஒன்று 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு திருகாணி 20 கிராம். ஆக 60 கிராம் கீலுக்கு 20 கிராம் திருகாணி. அப்படியானால் 60 கிலோ கீல் வாங்கினால் 20 கிலோ திருகாணி வாங்கினால் போதும். ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூடக் குறையாது. கடையில் யாரும் எண்ணவில்லை, தராசில் போட்டார்கள், அவ்வளவுதான். எண்ணாமலே எண்ணிவிட்டார்கள்.

இந்தக் கணக்கை வகுப்பில் போட்டால் எல்லாருக்கும் வருகிறது. கணக்கில் தேறாதவன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவனுக்கும் வருகிறது. வந்த பிறகு கீலை அழித்து கால்சியம் என்று எழுதுகிறேன், எடை 40. கார்பன் 12. ஆக்சிஜன் 16. அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் எண்ண முடியாது, ஆனால் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு கனம் என்பது தெரியும். அது போதும், தராசு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 12 கிராம் கார்பனில் எத்தனை அணுவோ அத்தனை அணுதான் 40 கிராம் கால்சியத்திலும். அந்த எண்ணிக்கைக்கு ஒரு பெயர் வேண்டுமே. வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்கு டஜன், அணுவுக்கு மோல்.

இங்கேதான் நம் பாடநூல்கள் வண்டியை முன்னால் நிறுத்தி மாட்டைப் பின்னால் கட்டுகின்றன. மோல் என்றவுடன் முதல் வரியிலேயே 6.022 × 10²³ வந்து நிற்கிறது. அதைப் பார்த்த பிள்ளை மலைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. வரலாறு அப்படி நடக்கவில்லை. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இருக்கும் வாயுக்களில், ஒரே கன அளவுக்குள் ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று இத்தாலியின் அவகாட்ரோ சொன்னது 1811-இல். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது, தெரியாமலே காலமானார். மூலக்கூறின் அளவை ஒருவாறு கணக்கிட்டு அந்த எண்ணுக்கு வழி திறந்தவர் லோஷ்மிட், 1865-இல். அவகாட்ரோவின் பெயரை அதற்குச் சூட்டியவர் பெரன், 1909-இல். இத்தனை காலமும் வேதியியலாளர்கள் விகிதத்தை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தபோது, பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதல் வாரத்தில் போதாதா?

விகிதம் கைக்கு வந்த பிறகு எண்ணைச் சொல்லலாம். அதையும் நம் கணக்கில் சொல்லலாம்: ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி. 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்றே அதைத் திட்டமாக வரையறுத்துவிட்டார்கள். தண்ணீரின் மூலக்கூறு எடை 18. ஆகவே 18 கிராம் தண்ணீர் ஒரு மோல், ஒரு மடக்கு. தம்பி அதைக் கேட்டதும் கையிலிருந்த டீயை ஒரு மடக்குக் குடித்தார். "ஒரு மோல்" என்றேன்.

சிவில் பிள்ளைகளுக்கு நான் இதைச் சுண்ணாம்பில் சொல்லி முடிப்பேன். கால்சியம் 40, கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48, கூட்டினால் 100. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைக் காளவாசலில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மிச்சம் 44 கிலோ எங்கே? கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிட்டது. காளவாசல்காரருக்கு இந்த எடைக் குறைவு அனுபவத்தில் தெரியும், நாம் அதற்குக் கணக்குச் சொல்கிறோம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். 56 கிலோ 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் இழுத்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகிறது. கொத்தனார் அதைச் சுவரில் பூசுகிறார். சுவர் இரண்டு நாளில் காய்ந்துவிடும், ஆனால் காய்வது வேறு, இறுகுவது வேறு. காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, 44 உள்ளே போய் 18 வெளியே வந்து, சுவரில் மறுபடியும் 100 கிலோ கல்லாகிறது. மலையிலிருந்து பெயர்த்த கல் சுவரில் வந்து மீண்டும் கல்லாகிவிட்டது. இந்த இடத்தில் வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருக்கும். அப்போதுதான் நான் சமன்பாட்டை எழுதுவேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள், இப்போது அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு சுவர் நிற்கிறது.

ஆட்டோமொபைல் வகுப்பில் சுவருக்குப் பதில் பேட்டரி. சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.26 முதல் 1.28 வரை காட்டும், முழுக்க இறங்கினால் 1.12 பக்கம் வந்துவிடும். கந்தக அமிலம் தட்டுகளில் போய் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் உண்டாவதுதான் காரணம். அமிலம் கரைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். இதை மட்டும் மாணவர்கள் என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லிக் காட்ட வேண்டும்.

ஆய்வகத்தில் தண்ணீரின் கடினத்தன்மை காணும் சோதனை. எல்லா பாலிடெக்னிக்கிலும் செய்வதுதான். வழக்கமாக ஒரே கேனில் தண்ணீர் வைத்து எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் மேசையில் வரும் விடை பத்து நிமிஷத்தில் கடைசி மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, நாமே அதற்கு வழி செய்து வைத்திருக்கிறோம். நான் அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்கிறேன். அறுபது பாட்டில், அறுபது விடை. பார்த்து எழுத ஒன்றும் இல்லை.

கூம்புக் குடுவையில் 20 மில்லி தண்ணீர். பிஎச் 10 வருவதற்கு அம்மோனியாக் கலவை. எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு விட்டால் ஒயின் சிவப்பாகும். அந்த நிறங்காட்டியின் சொந்த நிறம் நீலம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அதைப் பற்றிக்கொண்டிருப்பதால்தான் சிவப்பு. பியூரெட்டிலிருந்து ஈடிடிஏ இறங்குகிறது. நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல அது கால்சியத்தைக் கவ்விப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு ஈடிடிஏவுக்கு ஒரு கால்சியம், ஒன்றுக்கு ஒன்று. எல்லாவற்றையும் பிடுங்கி முடித்த அந்தச் சொட்டில் சிவப்பு மறைந்து நீலம் தெரியும். அதற்கு முன்னால் ஒரு கத்தரிப்பூ நிறம் வந்து ஏமாற்றும். அவசரக்காரர்கள் அங்கேயே நிறுத்துவார்கள், பயந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டட்டும், மறுபடி செய்யட்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே அளவு வரும்வரை நான் நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

ஈடிடிஏ 0.01 மோலார் என்றால் அதில் 1 மில்லி, 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். ஏன் என்று கேட்டால் இரும்புக் கடையில் போட்ட அதே கணக்குத்தான்: லிட்டருக்கு நூறில் ஒரு மோல், கால்சியம் கார்பனேட் மோலுக்கு 100 கிராம். ஒரு பெண்ணின் வீட்டுத் தண்ணீருக்கு 13 மில்லி இறங்கியது. 20 மில்லியில் 13 மில்லிகிராம், லிட்டருக்கு 650. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவு 200. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை. அந்தப் பெண் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதனாலதான் எங்கம்மா பருப்பை ராத்திரியே ஊறப்போடுறாங்களா மேடம்?" என்று கேட்டாள். அதனால்தான். தண்ணீரிலுள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது, பருப்பு வேகாது. அவள் அம்மா நல்ல தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரத்துக்கும் அந்த 13 மில்லிக்கும் உள்ள உறவு அன்று அவளுக்குத் தெரிந்தது.

"அடுத்த வாரம் அதே தண்ணியைக் கொதிக்க வச்சு, ஆறினதும் வடிகட்டி, மறுபடி பார்க்கச் சொல்லுங்க" என்றேன் தம்பியிடம். மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையை அரித்து, பைகார்பனேட்டாக நிலத்தடியில் சேர்கிறது. கொதிக்க வைத்தால் அந்த வாயு ஓடிவிடும், கல் திரும்பி வந்து பாத்திரத்தில் ஒட்டும். போன பருவத்தில் பிள்ளைகள் இந்த டீக்கடைத் தண்ணீரைச் சோதித்தார்கள். கொதிக்கும் முன் லிட்டருக்கு 520, கொதித்த பின் 320.

தம்பி உள்ளங்கையிலிருந்த சில்லைப் பார்த்தார். "அப்ப லிட்டருக்கு 200 மில்லிகிராம் பாய்லர்ல நிக்குது." பையிலிருந்து பேனா எடுத்தார். கடைக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணி காய்ச்சுவீங்க?"

"நாலு குடம் ஓடும் சார்."

"குடம் பன்னிரண்டு லிட்டர் இருக்குமா? ஐம்பது லிட்டர்னு வச்சுக்குவோம். நாளைக்குப் பத்து கிராம். கடைசியா எப்ப தட்டினீங்க?"

"போன மாசம் இதே தேதி."

"முந்நூறு கிராம்" என்று செய்தித்தாள் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போனார். தராசில் தட்டின் எடையைக் கழித்துப் பார்த்தார்கள், 270. அங்கிருந்தே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மீதி முப்பது கிராம் எங்க மேடம்?"

"நாளைக்கு முதல் பீரியட்ல அதைக் கேளுங்க தம்பி. தட்டையும் கொண்டு போங்க."